ஏழு நாளில் மூன்று நாடு வேண்டாம்

டீன் ஏஜ் பிள்ளைகளோடு வெளிநாடு கிளம்புகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: ஒரே வாரத்தில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றையும் திணிக்காதீர்கள். பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, இமிக்ரேஷன் வரிசை என்று ஒவ்வொரு எல்லையும் அரை நாளையாவது விழுங்கிவிடும். பாதி வாரத்திலேயே பிள்ளைகள் போனில் முகம் புதைத்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. எங்கே போவது, என்ன சாப்பிடுவது, எத்தனை மணிக்கு எழுவது, எதையும் நாம் அவர்களிடம் கேட்கவில்லையே.

“இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், நாலு இடம் பாக்க வேண்டாமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். நாங்கள் மலேசியாவோடு நிறுத்திக்கொண்டோம். அதிலும் கோலாலம்பூர், பினாங்கு இரண்டே ஊர். பினாங்கு முழுக்கப் பிள்ளைகள் பொறுப்பு. கையில் இவ்வளவு ரிங்கிட், ராத்திரி பத்துக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும், மற்றதெல்லாம் அவர்கள் இஷ்டம். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இடிஎஸ் விரைவு ரயில் ஏறி எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி என்று வழி கண்டுபிடித்தது பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள்தான். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குக் கடல் வழியாகப் போய் இறங்குவது தனி சுகம். ஆர்மேனியன் தெருவில் நிஜ சைக்கிளை வைத்து வரைந்த சுவரோவியத்தைத் தேடி அலைந்தோம். தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி வைத்த, சோற்றில் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டாரை, எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டான் மகன். வீட்டில் ரசம்கூடத் தொடாதவன்!

காலையில் அவர்களைத் தூங்க விடுங்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, அந்த வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப் போகிறது. நாங்கள் விடியலில் எழுப்பியது கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கும் பத்துமலை முருகன் கோயிலுக்கு மட்டும்தான். 272 படிகளை வெயில் ஏறிய பிறகு ஏற முடியாது.

அப்புறம், காகித வேலை. சிறுவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் 5 வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள், உங்களுடையதற்கு முன்பே முடிந்துவிடும். பயணத் தேதிக்குப் பிறகு 6 மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன்பே பாருங்கள். மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பரில் இருந்து விசா இல்லாமல் 30 நாள் வரை போகலாம். இந்தச் சலுகை 2026 முடியும் வரை உண்டு. ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆளாளுக்குத் தனித்தனியாக நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிரப்பியது மகள்தான்.