அந்த 150 மைல் எந்த ஜாகுவாருடையது?

தன் ஜாகுவார் இ-டைப் ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்) மணிக்கு 140 மைலைத் தாண்டவே திணறுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு, "1961-லேயே பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்த்து எழுதிவிட்டார்கள், ஷோரூமிலிருந்து எடுத்த எந்த இ-டைப் ரோட்ஸ்டரும் 150 மைல் தொடும்" என்று இன்னொருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பாதிதான் சரி.

மணிக்கு 150.4 மைல் என்று 'ஆட்டோகார்' என்ற பிரிட்டிஷ் கார் பத்திரிகை போட்டது ரோட்ஸ்டரை அல்ல, கூரை மூடிய கூப்பேவை. 9600 ஹெச்பி என்ற பதிவெண் கொண்ட வண்டி. ரோட்ஸ்டரை ஓட்டியது 'தி மோட்டார்' என்ற இன்னொரு பத்திரிகை, பதிவெண் 77 ஆர்டபிள்யூ, கிடைத்தது 149.1 மைல், அதாவது மணிக்கு 240 கிலோமீட்டர். (ஜெனீவா கண்காட்சிக்காக ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போனாரே, அதே வண்டிதான்.) ஒரு மைல் சொச்சம் குறைந்தால் என்ன என்று கேட்பீர்கள், சரி, அதை விடுங்கள். விஷயம் டயரில் இருக்கிறது. இரண்டு வண்டியிலும் இருந்தவை டன்லப் ஆர்5 ரேஸிங் டயர்கள். வாங்குபவருக்குச் சாதாரணமாகக் கிடைத்தது ஆர்எஸ்5 என்ற சாலை டயர். அதோடு, பத்திரிகைகளுக்குக் கம்பெனியே கொடுத்தனுப்பிய வண்டிகள் இவை. 9600 ஹெச்பி பதிவெண் கூப்பேவின் 3.8 லிட்டர் இன்ஜினைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வரும் நாளில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரிதான்.

பத்திரிகைகள் பொய் எழுதின என்று நான் சொல்லவில்லை, கையில் கிடைத்த வண்டியை ஓட்டி அளந்தார்கள். ஆனால் அந்த எண்ணைக் காட்டி, சாதாரண டயரில் ஓடும் தன் ரோட்ஸ்டர் 140-ஐத் தாண்டவே திணறுகிறது என்று சொன்னவரிடம் "உங்கள் இன்ஜினில் கோளாறு" என்று தீர்ப்பு சொல்வது அநியாயம்.