வேலையை விட முடியாதவனுக்கு என்ன சம்பளம் கொடுப்பாங்க?

எந்த நாட்டுல தேர்தல் வந்தாலும் இந்த டயலாக் வந்துடுது. "வெளிநாட்டுக்காரன் வந்து கம்மி சம்பளத்துக்கு வேலை பாக்குறான், அதனாலதான் நம்ம ஆளுக்கு சம்பளம் ஏற மாட்டேங்குது." முதல் பாதி பொய்னு நான் சொல்ல வரல, நிறைய இடத்துல கம்மிக்குத்தான் பாக்குறான். ஆனா ஏன் பாக்குறான்னு ஒருத்தரும் கேக்குறதில்ல, ஏதோ அவனுக்கு பசி கம்மி, ஆசை கம்மி, அதனால கம்மி சம்பளம் போதும்ங்கிற மாதிரி பேசிட்டு போயிடுறாங்க. என்னைக் கேட்டா பாதி காரணம் அவன் விசாவுலயே இருக்கு. இந்த முதலாளிகிட்ட மட்டும்தான் வேலை பாக்கணும், வேலை போச்சுன்னா நாட்டை விட்டுப் போகணும். இப்படி ஒரு ரூலை போட்டுட்டா எவ்ளோ திறமைசாலியா இருந்தாலும் சம்பளம் பேச முடியாது, ஏன்னா "சரி, நான் கிளம்புறேன்"னு சொல்ற வாய்ப்பே அவனுக்கு இல்ல.

வளைகுடாவுல இருந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கஃபாலா, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளியை ஒரே முதலாளியோட கட்டிப் போடுற ஸ்பான்சர் முறை. ரொம்ப காலமா கஃபீல் (ஸ்பான்சர் பண்ற முதலாளி) கையெழுத்து இல்லாம கம்பெனி மாற முடியாம இருந்துச்சு, என்ஓசி (வேற கம்பெனிக்குப் போக ஆட்சேபணை இல்லங்கிற கடிதம்) கேட்டா தர மாட்டான், பாஸ்போர்ட்டை வாங்கி லாக்கர்ல வெச்சிருப்பான் (அது அங்கேயே சட்டப்படி தப்பு, இருந்தாலும் வெச்சிருப்பான்), சவூதியில கோவம் வந்தா ஹுரூப்னு ஒரு புகார் போட்டு விட்டுடுவான், அன்னையிலேர்ந்து இவன் ஓடிப்போனவன், சட்டவிரோதமா இருக்கிறவன். இதையெல்லாம் கொடுமைன்னு பேசுறோம், சரிதான். ஆனா இதை ஒரு கணக்காவும் பாக்கணும்.

2011ல யூஏஇல ஒரு சின்ன மாற்றம் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி கான்ட்ராக்ட் முடிஞ்சாக்கூட பழைய முதலாளி என்ஓசி கொடுக்கணும், இல்லன்னா நாட்டை விட்டுப் போய் ஆறு மாசம் கழிச்சுதான் திரும்ப வர முடியும். மாற்றத்துக்கு அப்புறம் கான்ட்ராக்ட் முடிஞ்சா என்ஓசி இல்லாமலே வேற கம்பெனிக்குப் போகலாம். அவ்ளோதான், யூனியனும் வரல, சம்பள உயர்வுன்னு எந்த உத்தரவும் போடல. சுரேஷ் நாயுடு, யாவ் நியார்கோ, ஷிங்-யி வாங்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் தொழிலாளிகளோட சம்பள டேட்டாவை எடுத்துப் பாத்தாங்க. கான்ட்ராக்ட் முடியுற நேரத்துல இருந்தவங்க சம்பளம் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறியிருக்கு. அதே ஆளு, அதே வேலை, அதே வெயில். இதுல நான் ரசிச்ச விஷயம் என்னன்னா, கம்பெனிகளை விட்டு ஆளுங்க மொத்தமா ஓடிப்போகல, பழைய கம்பெனியிலேயே இருந்தவங்க எண்ணிக்கை கூடியிருக்கு, நாட்டை விட்டுப் போறவங்கதான் குறைஞ்சாங்க. கதவைத் திறந்து வெச்சதும் முதலாளியே கொஞ்சம் மரியாதையா சம்பளம் பேச ஆரம்பிச்சுட்டான். அதே ஆய்வுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது: புதுசா ஆள் எடுக்குற ஆர்வம் கொஞ்சம் குறைஞ்சுது, புதுசா வர்றவங்களுக்குக் கிடைக்கிற சம்பளமும் இறங்குச்சு. இலவசமா எதுவும் நடக்கல. கத்தார் 2020ல என்ஓசியை எடுத்துட்டு அடுத்த வருஷம் மாசம் 1000 ரியால் குறைந்தபட்ச சம்பளம்னு கொண்டு வந்தது, உலகக் கோப்பை நேரத்துல எல்லாரும் பாத்துட்டு இருந்ததால வந்ததுன்னு வேணா சொல்லலாம். வந்தவரைக்கும் நல்லது.

இப்ப இதைப் படிச்சிட்டு "பாவம் கட்டட வேலைக்குப் போனவங்க"ன்னு உச்சுக் கொட்டுற ஐடி நண்பர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவோட ஹெச்-1பி வேலை விசாவுக்கு எலும்புக்கூடும் இதேதான், மேல சதை கொஞ்சம் நல்லா இருக்கு. கம்பெனி மாறலாம், ஆனா புதுக் கம்பெனி பெட்டிஷன் போடணும். லே-ஆஃப் ஆனா 60 நாள்ல வேற ஸ்பான்சரைப் பிடிக்கணும், இல்லன்னா வீடு, கார், புள்ளைங்க ஸ்கூல் எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்பணும். கிரீன் கார்டுல எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாதுன்னு ஒரு உச்சவரம்பு, அதனால இந்தியாவுல பிறந்தவங்க பத்து வருஷத்துக்கு மேல கியூவுல நிக்குறாங்க, நடுவுல கம்பெனி மாறினா புதுக் கம்பெனி திரும்ப முதல்லேர்ந்து பேப்பர் போடணும், தேதி மட்டும் பழைய தேதி நிக்கும். புள்ளைக்கு 21 வயசு ஆயிட்டா அது டிபெண்டன்ட் லிஸ்ட்லேர்ந்தே வெளிய போயிடும். இந்த பயத்துல இருக்கிறவன் மேனேஜர்கிட்ட போய் ஹைக் கேப்பானா? ஞாயித்துக்கிழமை கால் வந்தா எடுக்காம இருப்பானா? பக்கத்து சீட்டுல இருக்கிற அமெரிக்கக்காரனுக்கு எரிச்சல் வர்றது இதனாலதான், ஆனா அந்த எரிச்சல் ரூல் மேல போகாம ஆள் மேல வருது.

சரி, ஆளே வராம நிறுத்திட்டா உள்ளூர் ஆளுக்கு சம்பளம் ஏறுமா? அதையும் செஞ்சு பாத்துட்டாங்க. 1942லேர்ந்து 1964 வரைக்கும் அமெரிக்காவுல பிராசெரோன்னு ஒரு திட்டம், மெக்சிகோவிலேர்ந்து விவசாயக் கூலிக்கு கான்ட்ராக்ட்ல ஆள் கொண்டு வந்தாங்க. (ஆரம்ப வருஷங்கள்ல கூலியில 10 சதவீதத்தை சேமிப்புன்னு பிடிச்சாங்க, அதுல நிறைய பேருக்கு அந்தக் காசு கைக்கு வந்து சேரவே இல்ல, அது தனிக் கொடுமை.) உள்ளூர் கூலி ஏறணும்னு சொல்லி 1964 கடைசியில திட்டத்தை மூடினாங்க. பொருளாதார ஆய்வாளர் மைக்கேல் கிளெமன்ஸும் கூட ரெண்டு பேரும் பிற்பாடு மாநில வாரியா பாத்தாங்க: பிராசெரோ நிறைய இருந்த மாநிலம், இல்லவே இல்லாத மாநிலம், ரெண்டுலயும் கூலி ஒரே மாதிரிதான் போயிருக்கு. தக்காளி விவசாயிங்க அறுவடைக்கு மெஷினை இறக்கிட்டாங்க, மெஷின் வராத சில பயிரை குறைச்சுட்டாங்க. கூலி ஏத்தி உள்ளூர் ஆளைக் கூப்பிடுறதுங்கிறது முதலாளியோட லிஸ்ட்ல கடைசியிலகூட இல்ல.

எதிர்ப் பக்கமும் சொல்லணும்ல. 1980ல கியூபாவிலேர்ந்து ஒண்ணேகால் லட்சம் பேர் சில மாசத்துல படகுல மயாமி பக்கம் வந்து இறங்கினாங்க, ஊர்ல வேலை பாக்குறவங்க எண்ணிக்கை ஒரேயடியா 7 சதவீதம் கூடிச்சு. டேவிட் கார்டுங்கிற பொருளாதார ஆய்வாளர் 1990ல ஆராய்ச்சி பண்ணி உள்ளூர் சம்பளத்துல பெரிய பாதிப்பு இல்லன்னாரு. ரொம்ப வருஷம் கழிச்சு ஜார்ஜ் போர்ஹாஸ்னு இன்னொரு ஆய்வாளர், பள்ளிப் படிப்பு முடிக்காத ஆம்பளைங்களை மட்டும் தனியா எடுத்துப் பாத்து அவங்க சம்பளம் பலமா அடி வாங்குச்சுன்னாரு. அந்த சாம்பிள் ரொம்ப சின்னதுன்னு இன்னொரு கூட்டம் சண்டைக்கு வந்துச்சு. எனக்கு கார்டு பக்கம்தான் நியாயம் தெரியுது, ஆனா அடிமட்ட வேலையில இருக்கிறவனுக்கு எந்த பாதிப்பும் வராதுன்னு அடிச்சு சொல்ற ஆளுங்களையும் எனக்குப் பிடிக்காது.

என்னை ரொம்ப கொதிக்க வைக்கிறது பிரிட்டன் கேர் விசா. முதியோரைப் பாத்துக்க ஆள் இல்ல, சம்பளம் கம்மி, உள்ளூர் ஆள் வர மாட்டேங்குறாங்கன்னு 2022 பிப்ரவரியில வெளிநாட்டுக் கேர் வொர்க்கருக்கு கதவைத் திறந்தாங்க. உடனே சிஓஎஸ் (விசாவுக்கு கம்பெனி கொடுக்குற ஸ்பான்சர் சான்றிதழ்) வியாபாரம் ஆரம்பிச்சுது. நகையை வித்து, கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கொட்டிட்டு வந்து பாத்தா, நிறைய பேருக்கு சொன்ன ஷிஃப்ட்டே இல்ல. அரசாங்கம் கண்டுபிடிச்சு நூத்துக்கணக்கான கம்பெனிகளோட ஸ்பான்சர் லைசென்ஸை ரத்து பண்ணுச்சு, சபாஷ்னு கை தட்டலாம், ஆனா லைசென்ஸ் போனா அதுல வந்தவன் விசாவும் போகும், 60 நாளுக்குள்ள வேற ஸ்பான்சர் வேணும். திருடினது கம்பெனி, தண்டனை மட்டும், காசு கொடுத்து ஏமாந்தவனுக்கு. 2024 மார்ச்ல குடும்பத்தைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னாங்க, 2025 ஜூலையில வெளிநாட்டிலேர்ந்து ஆள் எடுக்குறதையே மூடிட்டாங்க.

வெளிநாட்டு ஆள் மேல அரசாங்கம் போடுற லெவி, கட்டணம் எல்லாமும் இப்படித்தான் கடைசியில எங்கயும் நகர முடியாதவன் தலையில வந்து விழும். முதலாளி கட்டணும்னு சட்டம் இருந்தாலும் சம்பளத்துல, ஓவர்டைம் காசுல, ரூம் வாடகையில எங்கயாவது பிடிச்சுடுவான். சவூதியில 2017ல வெளிநாட்டுத் தொழிலாளி கூட இருக்கிற குடும்பத்துல ஒரு ஆளுக்கு மாசம் 100 ரியால்னு ஆரம்பிச்சு வருஷா வருஷம் 100 ஏத்தி 2020ல 400 ஆக்கினாங்க. மனைவி, ரெண்டு புள்ளைன்னா மாசம் 1200. நிறைய பேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிட்டு பேச்சிலர் ரூமுக்கு மாறினாங்க.

"முதலாளி காசு செலவு பண்ணிக் கூட்டிட்டு வர்றான், வந்த அடுத்த நாளே ஓடிட்டா அவன் கதி என்ன?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, ஆனா முதல்ல செலவு பண்றது யாருன்னு பாருங்க. தொழிலாளிகிட்ட ஏஜென்ட் காசு வாங்கக் கூடாதுன்னு 1997லயே ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) ஒப்பந்தம் போட்டாச்சு, இன்னைக்கும் விசா காசு கட்டாம போனவங்களை விரல் விட்டு எண்ணலாம். நிஜமாவே செலவு பண்ற முதலாளிக்கு வேணா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ டைம் கொடுங்க, அதுக்குள்ள மாறினா புதுக் கம்பெனி மீதிச் செலவைப் பழைய கம்பெனிக்குக் கட்டட்டும். ஜப்பான், பயிற்சிங்கிற பேர்ல வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுத்த அவங்க பழைய இன்டர்ன் திட்டத்தை மூடிட்டு 2027லேர்ந்து கொண்டு வர்ற புதுத் திட்டத்துல ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் மாறலாம்னு சட்டமே போட்டிருக்காங்க. கனடா 2019லேர்ந்து முதலாளி கொடுமைப்படுத்தினா தனியா ஓபன் பெர்மிட் (ஒரு முதலாளியோட கட்டிப் போடாத பெர்மிட்) கொடுக்குது, ஆனா கொடுமையை நிரூபிக்கிற வேலை தொழிலாளியோடது. அதுக்கு பதிலா எல்லாருக்கும் ஆரம்பத்துலேர்ந்தே ஒரு துறைக்குள்ள எந்தக் கம்பெனிக்கும் போகலாம்னு பெர்மிட் கொடுத்துட்டா நிரூபிக்கிற வேலையே இல்ல.