தோட்டத்துக்கு 117 இல்லையாம், அது பொய்

ரெண்டு நாளா வாட்ஸ்அப்ல ஒரு வொய்ஸ் சுத்துது, மண்சரிவு நேரத்துல தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) இருக்குற ஆளுங்க 117க்கு போன் அடிச்சா வேலை இல்ல, தோட்ட நிர்வாகம் லெட்டர் குடுத்தாதான் வருவாங்க, அதுவரைக்கும் வீட்ட விட்டு எறங்காதீங்கனு. நம்பாதீங்க, இது உசுரு விஷயம்.

117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க, முழு இலங்கைக்கும் ஒண்ணுதான். 2005ஆம் வருஷத்து 13ஆம் இலக்க சட்டத்துல உருவான நிலையம், எல்லா மாவட்டத்துலயும் அவங்க பிரிவு இருக்கு. கீழ பிரதேச செயலகம், அதுக்கும் கீழ நம்ம ஜிஎஸ் (கிராம சேவகர்), அதனால ஜிஎஸ் நம்பர இப்பவே போன்ல போட்டு வைங்க.

மண்சரிவு எச்சரிக்கை குடுக்குறது வேற ஆளுங்க, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள்னா கவனமா இரு, அம்பர்னா ரெடியாகு, சிவப்புனா எறங்கு. 24 மணி நேரத்துல மழை 150 மில்லிமீட்டர் தாண்டுனா சிவப்பு கட்டம்தான், அதுல தோட்டத் தொரை (மேனேஜர்) கையெழுத்துக்கெல்லாம் எடமே இல்ல. எச்சரிக்கை வரலனாலும் தரை வெடிச்சா, மரம் சாஞ்சா, பீலித் தண்ணி (ஊத்துத் தண்ணி) திடீர்னு கலங்குனா இல்ல நின்னா உடனே கெளம்பிருங்க.

பதுளை மாவட்டத்து கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்த மறந்துட்டோமா? 2014 ஒக்டோபர் 29, காலைல லயம் லயமா மண்ணுக்குள்ள போச்சு. அந்த எடம் ஆபத்துனு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, ஆனா சனத்துக்குப் போக வேற எடம் குடுக்கல, அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

அந்த வொய்ஸ் உங்க குரூப்புல வந்தா அழிச்சிட்டு இத போடுங்க.