லுஹர் தொழுகையை இரவுக்குத் தள்ளாதீர்கள்

"ஆபீஸ்ல தொழ முடியல, வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் சேர்த்து களா தொழுதுடறேன்." இப்படிச் சொல்லும் தோழிகள் எனக்கு நிறையப் பேர். நல்ல பிள்ளைகள்தான், ரமலான் வந்தால் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையை விடாதவர்கள், யாருக்காவது கஷ்டம் என்றால் முதலில் பணம் அனுப்புகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் என்றைக்கோ ஒருநாள் தவறிப்போனால் நிறைவேற்றுவதற்காக உள்ள களாவை, தினப்படி டைம்டேபிளாகவே ஆக்கிக்கொள்வதை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று குர்ஆன் சொல்லும் வசனம் (4:103) நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். அது போர்க்களத்தில் தொழுவதைப் பற்றியது. ஒரு கூட்டம் தொழும்போது இன்னொரு கூட்டம் காவல் நிற்கட்டும், ஆயுதங்களைக் கையிலேயே வைத்திருக்கட்டும், பிறகு அவர்கள் வந்து தொழட்டும் என்று முறை வைத்துச் சொல்லித் தருகிறது. எதிரி கண்ணெதிரே நிற்கும்போதுகூட 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற அனுமதி வரவில்லை, எப்படித் தொழுவது என்ற வழிதான் வந்தது. நம்முடைய மீட்டிங்கும் டெட்லைனும் அதைவிடப் பெரிதா என்ன?

கணக்கையும் பார்த்துவிடலாம். சென்னையில் மதியத் தொழுகையான லுஹரின் வக்து, அதாவது நேரம், 12 மணியை ஒட்டி ஆரம்பித்தால், மாலைத் தொழுகையான அஸர் வரும்வரை சுமார் 3 மணி நேரம் இருக்கிறது. மதிய உணவு இடைவேளை அதற்குள்தான் வருகிறது. நாலு ரக்அத் (சுற்று) கொண்ட ஃபர்ளை, அதாவது கட்டாயத் தொழுகையை, நிதானமாகத் தொழுதாலும் பத்து நிமிடம் ஆகாது. அதனால் 'லுஹருக்கு நேரமில்லை' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உண்மையிலேயே கஷ்டமானது நவம்பர், டிசம்பர் மாத மஃரிப்தான், சூரியன் மறைந்ததும் தொழுவது. சூரியன் 5:40-க்கெல்லாம் இறங்கிவிடும், ஆபீஸ் விடுவது ஆறு மணிக்கு, இரவுத் தொழுகையான இஷா வர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும், அந்த நேரத்தில் ஓஎம்ஆர் சாலையில் பஸ்ஸில் ஏறினால் வக்து முழுக்க பஸ்ஸிலேயே போய்விடும். இதற்கு ஒரே வழி, மஃரிபைத் தொழுது முடித்துவிட்டுக் கிளம்புவது. கால் மணி நேரம் தாமதமாக வீடு சேர்வீர்கள், அவ்வளவுதான். கம்பெனி கேப் என்றால் அடுத்த ட்ரிப்பில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். அஸரும் இதே மாதிரி கவனம் கேட்கிற வக்துதான். ஷாஃபி சட்ட மரபைப் பின்பற்றும் வீட்டுக்காரர்களுக்கு அந்த மாதங்களில் 3:15-ஐ ஒட்டியே அஸர் வந்துவிடும், ஹனஃபி மரபினருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளி வரும். எதுவானாலும் மாலை டீக்கு எழுந்து போகிறீர்களே, அப்போது முதலில் தொழுதுவிட்டு டீக்குப் போங்கள்.

வேலையிடத்தில் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே டீம் லீடிடம், "மதியமும் சாயங்காலமும் தொழுகைக்குப் பத்து நிமிஷம் போவேன், அந்த நேரம் மட்டும் மீட்டிங் வைக்காதீங்க" என்று சொன்னேன். சரி என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. ஒளிந்து ஒளிந்து போவதுதான் பார்க்கிறவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். எல்லா ஆபீஸும் இப்படி இருக்காது என்பது தெரியும், ஆனாலும் கேட்டுப் பார்க்காமலே 'விட மாட்டார்கள்' என்று முடிவு கட்டியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒளு, அதாவது தொழுகைக்கு முன்னால் முகம், கை, கால் கழுவிச் சுத்தம் செய்துகொள்வது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம், ஆனால் பெண்கள் பலர் தொழுகையை விடுவதற்குக் காரணமே இதுதான். ஆபீஸ் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவ யாருக்கும் மனம் வராது. வீட்டிலிருந்து ஒளுவோடு கிளம்புங்கள், முறியாமல் இருந்தால் லுஹர்வரை தாங்கும். பையில் ஒரு காலி பாட்டில் இருந்தால் உள்ளே போய்க் காலைக் கழுவிக்கொள்ளலாம். ஒளுவோடு காலில் தோலுறை அணிந்தவர்கள் ஊரில் இருக்கும்போது ஒரு பகல் ஒரு இரவு காலைக் கழுவாமல் அதன்மேல் மஸஹ் செய்துகொள்ளும் (ஈரக் கையால் தடவிக்கொள்ளும்) சலுகையும் மார்க்கத்தில் இருக்கிறது. தலையை மூடும் ஒரு மக்கனா, மடித்து வைக்கிற மெல்லிய முசல்லா (தொழுகை விரிப்பு), அவ்வளவுதான் சாமான். 'பூமி முழுவதும் எனக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது' என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஸ்டோர் ரூமின் ஒரு மூலை போதும்.

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் ஆளுநர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று முவத்தா என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. உங்கள் காரியங்களிலேயே என்னிடம் முக்கியமானது தொழுகைதான், அதை வீணடிக்கிறவர் மற்றதை இன்னும் அதிகமாக வீணடிப்பார் என்கிறார். ஊரை ஆள்கிறவர்களுக்கு, அந்தக் காலத்தில் அதைவிட பிஸியானவர்கள் யாரும் இருந்திருக்க முடியாத ஆட்களுக்கு எழுதியது அது.

வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் ஒரு கைக்குழந்தையோடு ஒருநாள் இருந்து பார்க்கட்டும். தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்ததும் பிள்ளை அழும். நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுதிருக்கிறார்கள், நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவுக்குப் போகும்போது கீழே இறக்கி வைத்து, எழும்போது மறுபடி தூக்கிக்கொண்டு. குழந்தை அழும் சத்தம் கேட்டால் அதன் தாயை நினைத்துத் தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள். அதனால் உம்மாமார்களே, பிள்ளை மடியில் ஏறுகிறதே என்று தொழுகையைத் தள்ளிப்போடாதீர்கள், சுருக்கமாக ஆனால் வக்திலேயே தொழுதுவிடுங்கள்.

ஆண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் சொன்னார்கள். நாம் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். பாங்கு சொன்னதும் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறவர், திரும்பி வந்ததும் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு "நீ போய்த் தொழு" என்று சொன்னால் அந்த வீட்டில் இரண்டு பேரின் தொழுகையும் நடக்கும். மஃரிப் நேரத்தில் "டீ எங்கே" என்று கேட்டால் ஒருவருடையதுதான் நடக்கும்.

அதிகாலைத் தொழுகையான சுபுஹைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. இஷாவுக்குப் பிறகு பேசிக்கொண்டிருப்பதை நபியவர்கள் விரும்பவில்லை என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இரவு ஒரு மணிவரை ரீல்ஸ் தள்ளிவிட்டு 5 மணி அலாரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. போனை வைத்துவிட்டுப் படுங்கள்.

கடைசியாக, பள்ளிவாசல் நிர்வாகிகளிடம். 'அல்லாஹ்வின் பள்ளிகளை விட்டும் அவனுடைய அடியார்களான பெண்களைத் தடுக்காதீர்கள்' என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆனால் தி.நகருக்கோ புரசைவாக்கத்துக்கோ சாமான் வாங்க வரும் ஒரு பெண், மஃரிப் நேரத்தில் கூட வந்த ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குள் போய்விட, பைகளோடு வாசலில் நிற்கிறாள். சில இடங்களில் பெண்களுக்குத் தனி மாடியோ அறையோ கட்டியிருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். மற்ற இடங்களில் ஏசி போடப் பணம் இருக்கிறது, மார்பிள் மாற்றப் பணம் இருக்கிறது. திரை போட்ட ஒரு சின்ன அறை, இரண்டு குழாய், ஒரு கழிவறை, இதுதான் நாங்கள் கேட்பது. கடைத்தெருப் பள்ளிகளிலாவது இதை முதலில் செய்யுங்கள், அடுத்த ரமலானுக்கு முன்னால் செய்யுங்கள். உங்கள் மஹல்லா (பள்ளிவாசல் வட்டார) கூட்டத்தில் இதை எழுப்ப முடிகிறவர்கள் எழுப்புங்கள். எங்களால் அந்தக் கூட்டத்துக்கு வர முடியாது.