வேன் வாங்க வருகிறார்களா, வேடிக்கை பார்க்க வருகிறார்களா?

மூன்று மாதமாக இங்கிலாந்தில் என் 1973 ஃபோக்ஸ்வாகன் வேனை விற்கப் படாத பாடு படுகிறேன். அதில் முதலில் இருந்தது 1600 சிசி, நான்கு சிலிண்டர், வெறும் 50 குதிரைத்திறன். மேடு ஏறினால் பின்னால் லாரிக்காரர் ஹார்ன் அடிப்பார். அதனால்தான் போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரின் 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினேன். 150 குதிரைத்திறன். இரண்டுமே பின்பக்கம் இருக்கிற, காற்றால் குளிர்கிற எஞ்சின்கள்தான். ஆனாலும் சும்மா தூக்கி வைத்துவிட முடியாது. பிரேக்கையும் கியர்பாக்ஸையும் சேர்த்து மாற்றினேன்.

போன சனிக்கிழமை ஒருவர் இரண்டு பையன்களோடு வந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சைலன்சர் பக்கம் குனிந்து சத்தத்தை வீடியோ எடுத்தார். ஒரு ரவுண்டும் போய் வந்தோம். அப்புறம், "பழைய எஞ்சினே இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்" என்றார். எஞ்சின் விவரம் விளம்பரத்தின் முதல் வரியிலேயே இருக்கிறதே ஐயா! இன்னொருவருக்கு எஞ்சினை மட்டும் கழற்றித் தர வேண்டுமாம். வயிறு எரிந்தது.

40 வயது தாண்டிய வண்டிக்கு இங்கே வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் இப்படி எஞ்சின் மாற்றிய வண்டிக்கு அந்தச் சலுகையை நம்ப முடியாது. நான் வருடம் தவறாமல் சோதனை செய்கிறேன். பதிவுப் புத்தகத்திலும் புது எஞ்சின் எண்தான் இருக்கிறது. எல்லா ரசீதும் ஒரே ஃபைலில். வந்தவர்களில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை.