வெல்லமும் சர்க்கரைதான்

அவல், வேர்க்கடலை, வெல்லப்பாகு சேர்த்து வீட்டிலேயே வறுத்தெடுக்கும் காலை உணவுக்கான உங்கள் செய்முறைப் பதிவில் "சர்க்கரையே இல்லை, நீரிழிவு உள்ளவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். செய்முறை அருமை, அந்த வரி மட்டும் தவறு. வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். 100 கிராமில் சுமார் 380 கலோரி. வெள்ளைச் சர்க்கரையிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு, அதற்காக வெல்லத்தைக் கிண்ணம் கிண்ணமாகவா தின்ன முடியும்? அவலும் அரிசிதானே, அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். பாகைப் பாதியாக்கி, கடலையையும் எள்ளையும் கூட்டுங்கள். கட்டி சேராமல் உதிரியாகத்தான் வரும்; பாலில் போட்டுச் சாப்பிட அதுவே போதும். இன்னொன்று, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு அடைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்துவிடும். சென்னையின் ஈரக்காற்றும் சேர்ந்தால் மறுநாளே அவல் நமத்துப்போகும்.