எங்கள் விமானத்துக்கு மட்டும் ஏன் இரவல் உடம்பு?

நான் வாங்கிய டைகாஸ்ட் (உலோகத்தில் வார்த்த) மாடல் விமானத்தின் பெட்டி மேல் ‘மிக்-21 பைசன், இந்திய விமானப்படை’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது பைசன் அல்ல. மேம்படுத்தப்படாத பழைய வகையான மிக்-21 பிஸ். அதற்குச் சாம்பல் வண்ணம் பூசி, வாலில் மூவர்ணத்தைப் பதித்து, இந்திய எண் ஒன்றைப் போட்டு, பெயரை மட்டும் மாற்றி விற்றுவிட்டார்கள். முன்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறவனை இதைவிடக் கேவலமாக நடத்த முடியாது.

வித்தியாசம் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்திய விமானப்படை 125 பிஸ் விமானங்களை மேம்படுத்திப் பைசன் ஆக்கியது. புதிய கோப்யோ ரேடார் வந்தது. ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகள் வந்தன. பழைய பிஸ்ஸில் விமானியின் முகத்துக்கு நேரே சட்டங்கள் குறுக்கிடும் மூன்று துண்டுக் கண்ணாடி இருந்தது. பைசனில் அதை எடுத்துவிட்டுச் சட்டமே இல்லாத ஒற்றை வளைவுக் கண்ணாடி பொருத்தினார்கள். தூரத்தில் நிற்கும்போதே இது பைசன் என்று காட்டிக்கொடுப்பது அந்தக் கண்ணாடிதான். என் கைக்கு வந்த மாடலில் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. இறக்கைக்குக் கீழே தொங்குவதோ அறுபதுகளின் கே-13 ஏவுகணை. ஆர்-77ஐக் காணோம், ஆர்-73ஐயும் காணோம். பைசனைப் பைசனாக்கும் எதுவுமே இல்லாமல் ‘பைசன்’ என்று எப்படி அச்சடிக்க மனம் வந்தது?

எஃகு அச்சு செய்வது பெரிய செலவு என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் சொல்கிறார்கள். உண்மைதான். உருக்கிய துத்தநாகக் கலவையை அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கும் தொழில் இது. அந்த எஃகு அச்சைச் செதுக்குவதில்தான் பணம் போகிறது. வண்ணத்தை மாற்றுவது மலிவு, சிலிகான் திண்டால் சின்னங்களை ஒற்றி எடுக்கும் டாம்போ வேலையும் மலிவு. அதனால் ஒரே அச்சில் வார்த்து ரஷ்யா, கிழக்கு ஜெர்மனி, வியட்நாம், இந்தியா என்று உடுப்பை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறார்கள். இந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் கண்ணாடி உலோகம் இல்லையே! அது தனியாக வார்த்துப் பொருத்தும் சிறிய பிளாஸ்டிக் துண்டு. ஏவுகணைகளும் தனித் துண்டுகள். உடலின் அச்சைத் தொடாமலே இந்த இரண்டையும் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. இந்தியாவில் வாங்குகிறவனுக்கு இது போதும் என்ற எண்ணம்தான் காரணம். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சின்னத்தையாவது ஒழுங்காகப் போட்டார்களா? நம் விமானப்படையின் வட்டச் சின்னத்தில் நடுவில் காவி, அதைச் சுற்றி வெள்ளை, வெளியே பச்சை. இதில் நடுவட்டம் செங்கல் சிவப்பு. காவிக்கும் செங்கல் நிறத்துக்கும் வேறுபாடு தெரியாத ஒருவர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அமெரிக்க விமானமாக இருந்தால் எந்தக் கப்பலில், எந்த மாதத்தில், எந்த விமானியின் பெயரோடு இருந்தது என்பதுவரை பார்த்துப் பார்த்து அச்சடிக்கிறார்கள். அங்கே ஒரு எழுத்து கோணினாலும் வாங்குகிறவர்கள் கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவார்கள். நாம் மட்டும் மூவர்ணத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

நாட் விமானத்தின் கதை இன்னும் மோசம். 1:72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்கு அளவில், நாட் வேண்டும் என்று தேடிப் பாருங்கள். என் கண்ணில் படுவதெல்லாம் பிரிட்டிஷ் சாகசக் குழுவான ரெட் ஆரோஸின் சிவப்பு விமானம். அது இருவர் அமரும் பயிற்சி விமானம். இந்தியா ஓட்டியது ஒருவர் அமரும் போர் விமானம்; நீளமும் குறைவு, இறக்கையின் விரிவும் குறைவு. முழு உருவமே ஒன்பது மீட்டருக்கு உட்பட்டது, மாடலாக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும். பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை வீழ்த்தி ‘சேபர்களைக் கொன்றவன்’ என்று பெயர் வாங்கியது அந்தச் சின்ன விமானம்தான்.

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைத் தாக்க வந்த சேபர் விமானங்களை எதிர்த்து எழும்பி, போரிட்டு உயிர்நீத்தார் நிர்மல் ஜித் சிங் செகோன். விமானப்படையில் பரம வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவர் ஓட்டியது நாட். அவர் இருந்த 18ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவு 2020 மே மாதம் நம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் செயல்பாட்டுக்கு வந்தது. கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் தன் மேசையில் செகோனின் நாட்டையும் அதே ஸ்குவாட்ரனின் தேஜஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டால் அது அதிகப்படியான ஆசையா? அவனுக்குக் கிடைப்பது சிவப்புப் பயிற்சி விமானம். ‘நீங்களே வண்ணம் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு கடைக்காரர் எனக்கு யோசனை சொன்னார். இருவர் அமரும் உடம்பில் பச்சை பூசினால் அது செகோனின் விமானம் ஆகிவிடுமா?

இந்தியாவிலேயே செய்த மாருத் போர் விமானத்தைப் பற்றி நினைத்தாலே வயிறு எரிகிறது. இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் போர் விமானமான ஃபோக்கே-வுல்ஃப் 190ஐ வடிவமைத்த கர்ட் டாங்க் பெங்களூரில் உட்கார்ந்து வடிவமைத்த விமானம் அது. 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது. மொத்தம் 147 செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் பறந்து தாக்கியது. அதே மனிதரின் ஃபோக்கே-வுல்ஃப் எத்தனை விதமான வண்ணங்களில் வேண்டுமானாலும் கிடைக்கிறது. மாருத்தை ஒரு கடைத் தட்டிலும் நான் பார்த்ததில்லை.

முடியாததையா கேட்கிறேன்? என் அலமாரியில் ஒரு சுகோய்-30 எம்கேஐ இருக்கிறது. முப்பது சென்டிமீட்டர் நீளம். விமானி அறைக்குப் பின்னால் இருக்கவேண்டிய சிறு முன்னிறக்கைகள் சரியான இடத்தில் இருக்கின்றன. வெளியேற்றுக் குழாய்கள் சரி, காவியும் காவியாகவே இருக்கிறது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் 222ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது வந்து நின்ற விமான வகை இது. பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. அக்கறையோடு செய்தால் இந்திய விமானத்தையும் இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அளவு மாடல்கள் சுங்கப் பட்டியலில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களோடு ஒரே 9503 என்ற தலைப்பில் கிடக்கின்றன. 2020இல் அதன் அடிப்படைச் சுங்கவரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70 ஆக்கினார்கள். உள்நாட்டில் பொம்மை செய்கிறவர்களைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் டைகாஸ்ட் பைசனை உள்நாட்டில் யார் செய்கிறார்கள்? யாரைக் காப்பாற்ற என்னிடம் இந்த வரி?

‘இவ்வளவு கவலைப்படுகிறவர் பிளாஸ்டிக் கிட் வாங்கி நீங்களே ஒட்டிக்கொள்ளலாமே’ என்பார்கள். அது வேறு கலை, அதைச் செய்கிறவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கியவர் முடித்துத் தர வேண்டும். ‘ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது’ என்று கேட்பவர்களும் உண்டு. 1:72 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ விமானத்தில் 7.2 சென்டிமீட்டர். அந்தக் கண்ணாடிச் சட்டம் நிஜத்தில் அவ்வளவு தடிமனாக இருந்தால் விமானியால் எதிரே வருவதைப் பார்க்க முடியுமா?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்துவிட்டார்கள். 1963இல் வந்த விமானம். ஓடுபாதையில் இனி அதைப் பார்க்க முடியாது. இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்கு அதன் உருவம் தெரியப்போவது அருங்காட்சியகங்களிலும் எங்களைப் போன்றவர்களின் அலமாரிகளிலும்தான். அதனால்தான் தப்பான உருவத்தை இவ்வளவு அலட்சியமாக விற்பதைப் பொறுக்க முடியவில்லை.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். நிஜ பைசனின் படத்தையும் அனுப்பினேன். அடுத்த கொள்முதலில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்திருக்கிறது. எனக்குத் தள்ளுபடி வேண்டாம். அந்த ஒற்றை வளைவுக் கண்ணாடியையும் இரண்டு ஜோடி ஏவுகணைகளையும் செய்து அனுப்பட்டும். முடியாதென்றால் பெட்டியிலிருந்து பைசன் என்ற பெயரை எடுத்துவிட்டு, என் பணத்தை முழுதாகத் திருப்பித் தரட்டும்.